சேரல்ல

ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீட்டுப் படி ஏறி இறங்குகிறவளுக்கு இருபத்தொரு கிலோமீட்டர் ஓடுவது பெரிய காரியமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட பஸ் ஸ்டாப்பில் இருந்து வீடுவரை நடக்கிறவர் இல்லை. நான் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவள். நாய்க்குப் பயந்து ஓடியிருக்கிறேன், மழைக்கு ஓடியிருக்கிறேன். வேண்டுமென்று ஓடியது கிடையாது. நாற்பது வயதில், அதுவும் செத்துப்போன புருஷன் பெயரில் ஓடப்போகிறாய் பெமிலா என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் வீட்டு மீட்டரை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்திருப்பேன்.

என் புருஷன் ஸ்டெனி ஆரல்வாய்மொழியில் காற்றாலை டெக்னீசியன். எண்பது மீட்டர் ஏணியில் ஏறி, உச்சியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிற ஆள். எதற்கும் அவசரப்படமாட்டார், எதற்கும் சத்தம் போடமாட்டார். அதையெல்லாம் வீட்டில் நான் பார்த்துக்கொண்டேன். முப்பத்தெட்டு வயதில் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. பார்த்தால் இரண்டு கிட்னியும் போயிருந்தது. வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவிலுக்குப் போய் டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்தி இடது கை முழுவதும் முடிச்சு முடிச்சாகத் தடித்துவிட்டது. அந்தக் கையை மகள் ஜெப்சி பார்க்கக்கூடாது என்று வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்.

வேறு கிட்னி வைத்தால் பிழைப்பார் என்றார்கள். என்னுடையதை எடுங்கள் என்று முதல் ஆளாகக் கை நீட்டினேன். ரத்தப் பிரிவு பார்த்த அன்றைக்கே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் ஓ, நான் பி. மாமனார் மாமியார் இரண்டு பேரும் ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு அண்ணன், குவைத்தில் வேலை பார்த்த பிபின் அத்தான். அவரும் ஓ.

அத்தான் லீவு போட்டு வந்தார். வர மறுக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் டெஸ்ட் மேல் டெஸ்ட். ஸ்டெனியையும் அங்கேயே படுக்க வைத்திருந்தோம். ஜெப்சிக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் முழுப்பரீட்சை லீவு என்பதால் கூடவே இருந்தாள். பத்தாம் நாள் சாயங்காலம் அத்தான் ஸ்டெனியின் அறையிலிருந்து வெளியே வந்தார். வராந்தாவில் நின்ற என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார்.

"சேரல்ல மக்கா," என்றார்.

அவ்வளவுதான். நாலு எழுத்து. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, எனக்காக இத்தனை தூரம் வந்த மனிதர் உடைந்துபோய்விட்டாரே என்று அவர்மேல்தான் இரக்கம் வந்தது. கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தேன். "உங்க மனசு போதும் அத்தான், ஆண்டவருக்கு வேற வழி இருக்கும்," என்று நான்தான் அவரைத் தேற்றினேன். இதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

இறந்தவர்களிடமிருந்து எடுக்கிற கிட்னிக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். எங்கள் முறை வரவில்லை. எட்டு மாதம் கழித்து, ஒரு டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் திரும்பி வருகையில் ஸ்டெனி என் தோளில் சாய்ந்தார். வெள்ளமடம் தாண்டுமுன் போய்விட்டார்.

அத்தான் அடக்கத்துக்கு வந்தவர் குவைத்துக்குத் திரும்பிப் போய், ஒரு வருடத்தில் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாக இந்த ஓட்டத்தைத் தொடங்கினார். 'ஸ்டெனி நினைவு மாரத்தான்'. உண்மையில் அது அரை மாரத்தான்தான், ஆனால் எங்கள் ஊரில் இரண்டு கிலோமீட்டர் ஓடினாலும் மாரத்தான்தான். தோவாளையில் தொடங்கி, ஆரல்வாய்மொழி வழியாக முப்பந்தல் போய், அதே வழியில் திரும்பி வரவேண்டும். வருகிற நன்கொடையெல்லாம் டயாலிசிஸ் செய்ய வசதியில்லாதவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை வைத்தால்தான் ஆள் வரும் என்று அத்தான் சொல்ல, ஆராதனையை விட்டுவிட்டு ரோட்டில் ஓடுவதா என்று போதகர் முகத்தைச் சுளிக்க, ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது.

பேப்பர்காரர்கள் வந்து பேட்டி எடுத்தார்கள். 'என் கிட்னி சேர்ந்திருந்தால் அன்றே கொடுத்திருப்பேன். அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் தம்பிக்காக ஓடுகிறேன்' என்று அத்தான் சொன்னதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அதைக் கத்தரித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். உடன்பிறந்த அண்ணன் இல்லாத எனக்கு ஸ்டெனி போகும்போது ஒரு அண்ணனைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ஜெபத்தில்கூடச் சொன்னேன். அந்த மனிதருக்காகத்தான் நானும் ஓடுகிறேன் என்று பெயர் கொடுத்தேன். ஐந்து மாதம், விடியற்காலம் எழுந்து, நைட்டிக்குப் பதில் டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க ஓடிப் பழகினேன். ஷூ அத்தான் வாங்கித் தந்தது.

ஓட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், தோவாளைப் பள்ளிக்கூட ஹாலில் வேலை நடந்தது. வாழைப்பழம், குளுக்கோஸ் பாக்கெட், கடலைமிட்டாய், நெஞ்சில் குத்துகிற நம்பர் அட்டை, ஸ்டெனி படம் போட்ட டீசர்ட், எல்லாவற்றையும் பையில் போட்டு அடுக்கவேண்டும். உதவிக்குப் பல சபைகளில் இருந்து பெண்கள் வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளை நான் முன்பு பார்த்ததில்லை. ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாத அக்கா. பெயர் செசிலி என்றும், மண்டைக்காட்டுப் பக்கத்தில் ஒரு ஊர் என்றும் சொன்னாள். பிபின் அத்தானின் மனைவி பிளஸ்ஸி அக்காவுக்கும் பிறந்த ஊர் அதுதான். நான் யார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"இந்த ஓட்டம் நடத்துகாவல்லா, அவிய எங்க சபைக்கு மருமவன் பாத்துக்கிடுங்க," என்றாள் செசிலி அக்கா. "எங்க செல்லபாய் அக்காவுக்க மோளு பிளஸ்ஸியத்தான் கெட்டியிருக்காவ. தம்பி பேருல எம்புட்டு செய்யாவ! நல்ல குணம்."

"ஆமா, நல்ல குணம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"அண்ணைக்கு அக்கா பட்ட பாடு எனக்குல்லா தெரியும். தம்பிக்குக் குடுக்க டெஸ்டெல்லாம் பாத்து, எல்லாம் சேந்துட்டு. தேதி குறிக்கதுதான் பாக்கி. பிளஸ்ஸி போன் போட்டு ஒரே கரச்சல். அக்கா மூணு நாளு உபவாசம் இருந்து பொருத்தனை பண்ணினா, மருமவனுக்க ஒடம்புல கத்தி படப்பிடாதுன்னு. ஆண்டவரு கேட்டாரு. மூணாம் நாளு அவியளே வேண்டாம்னு சொல்லிட்டாவளாம்."

கையில் இருந்த குளுக்கோஸ் பாக்கெட்டை எந்தப் பையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"சேரல்லன்னுல்லா சொன்னாவ?" என்றேன்.

"அது வெளிய சொன்னது. சேந்துட்டுன்னு எனக்குத் தெரியும்லா. காணிக்கைச் சீட்டு நான்தானே எழுதிக் குடுத்தேன். அக்காவுக்குக் கண்ணு செரியில்ல. அவ சொல்லச்சொல்ல நான் எழுதினேன்." செசிலி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, போதகர் வாசிப்பதுபோலவே சொன்னாள். "'மருமகனின் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தியிருந்தும், அறுவை சிகிச்சைக்குப் போகாதபடி அவர் மனதை மாற்றிக் காத்த தேவகிருபைக்காக ஸ்தோத்திரக் காணிக்கை'. 'தேவகிருபை'ங்கியது மட்டும் நான் சேத்தது."

எங்கள் சபைகளில் ஆண்டவருக்கு நன்றி சொல்வது ரகசியமாக நடக்கிற காரியமில்லை. பிள்ளை பாஸானால், விசா வந்தால், மாடு கன்று போட்டால் ஸ்தோத்திரக் காணிக்கை. கவரோடு காரணத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதை மைக்கில் வாசிப்பார்கள். மறைக்க நினைக்கிறவர்கள் 'சகல நன்மைகளுக்காக' என்று பொதுவாக எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். செல்லபாய் அத்தைக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நேர்ந்துகொண்ட பொருத்தனைக்குச் சரியான காரணத்தைச் சொல்லாவிட்டால் ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்ளாமல் மருமகனைத் திரும்பவும் கத்தியின்கீழ் படுக்க வைத்துவிடுவார் என்று பயந்திருக்கிறாள். ஆண்டவருக்குப் பயந்து உண்மையைச் சொல்லப்போய் ஒரு சபையே கேட்டிருக்கிறது. நான் அந்தச் சபைக்காரி இல்லை, எனக்குக் கேட்கவில்லை. நான் அதே ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் முழங்கால்போட்டு அந்த மருமகனுக்காக ஜெபித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அப்போது வாசலில் இருந்து யாரோ கூப்பிட்டார்கள். "பெமிலா, ஸ்டெனிக்க போட்டோ பெருசு எங்க வச்சிருக்கிய? உங்க வீட்டுல இருந்து கொண்டு வந்தியளா?"

செசிலி அக்காவின் கை பையில் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், டீசர்ட்டில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ மக்கா. நீதானா?" என்றாள். பிறகு மெதுவாக, "உங்களுக்குத் தெரியும்னுல்லா நான் நெனச்சேன். வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம இருக்குமா?" என்றாள்.

நியாயமான கேள்வி. வீட்டுக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா?

இதுவரை அத்தான் அத்தான் என்று எழுதிவிட்டேன். இனி கை வரவில்லை. பிபின். அவன்.

அன்றே போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. அவன் போலீஸ் பந்தோபஸ்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் அலைந்துகொண்டிருந்தான். போனில் கேட்டால் போனிலேயே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். எனக்கு அவன் முகம் வேண்டும். அந்த வாயால் 'சேர்ந்தது' என்று அவன் சொல்லி நான் கேட்கவேண்டும். செசிலி அக்கா சொன்னதை நான் நம்பாமல் இல்லை. ஆனால் மீட்டரை என் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை.

காலை ஐந்தரை மணிக்குத் தோவாளையில் பிச்சிப்பூ வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து கிடந்தது. எண்ணூறு பேர் நெஞ்சிலும் ஸ்டெனி சிரித்துக்கொண்டிருந்தார். மேடையில் பிபின் மைக்கைப் பிடித்தான். "என் தம்பிக்கு நான் குடுக்க நெனச்சதைக் குடுக்க முடியல்ல. சேரல்ல. ஆனா இண்ணைக்கு நீங்க எல்லாரும் சேந்திருக்கிய," என்றான். ஜனம் கைதட்டியது. எழுதி மனப்பாடம் பண்ணியிருக்கிறான், பாவி. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அந்த டீசர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அதில் இருந்தது ஸ்டெனி. ஸ்டெனியை நான் ஏன் கழற்றவேண்டும்? ஜெப்சி முடிவிடத்தில் மெடல் மாட்டிவிடும் பிள்ளைகளோடு நின்றாள். என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். ஓடத் தொடங்கினேன்.

ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் கிழக்கு நோக்கி வீசும். அதனால் முப்பந்தல் போகும்வரை காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. ஐந்து மாதப் பழக்கமும் ஒருநாள் கோபமும் சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போயின. முப்பந்தலில் கயிறு கட்டிய டிரம்மைச் சுற்றித் திரும்பினேன். அங்கிருந்து காற்று நேரே நெஞ்சில் அடித்தது. கண்ணில் மண் விழுந்தது, காதுக்குள் ஓ என்று சத்தம். எனக்கு முன்னால் ஓடியவர்களில் பாதிப்பேர் நடக்கத் தொடங்கினார்கள். ஆரல்வாய்மொழிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, ரோட்டின் இடது ஓரத்தில், காற்றாலைகளின் கீழே, பிபின் நடந்துகொண்டிருந்தான். நாற்பத்தாறு வயது, குவைத்துச் சோறு சாப்பிட்ட உடம்பு. இடுப்பில் கை வைத்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அது நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வா மக்கா. எனக்குப் பொறத்தால வா, காத்து உன்மேல அடிக்காது," என்றான்.

நான் அவனுக்குப் பின்னால் போகவில்லை. பக்கத்தில் போனேன்.

"அத்தான்," என்றேன். வாய்ப் பழக்கம், அப்படித்தான் வந்தது. "சேந்துச்சா சேரல்லியா?"

"என்னது?"

"கிட்னி."

அவன் நிற்கவில்லை. ஆனால் நடை தப்பியது. "என்ன பேச்சு இது, இப்பம் போயி? காத்துல ஒண்ணும் கேக்கல்ல. நீ ஓடு."

"செல்லபாய் அத்தை குடுத்த காணிக்கைச் சீட்டை எழுதினவ நேத்து எனக்குப் பக்கத்துல இருந்து பழம் அடுக்கினா. பொருந்தியிருந்தும்னு எழுதியிருக்கு. உங்க மாமியாருக்க சபையில முந்நூறு பேருக்குத் தெரியும். நான் உங்க வாயால கேக்கணும்."

எதிரில் தண்ணீர் மேசை வந்தது. ஒரு பெண் "பிபின் சார், சூப்பர்!" என்று கத்திக்கொண்டு டம்ளரை நீட்டினாள். அவன் வாங்கினான். குடிக்கவில்லை. மேசையைத் தாண்டி ஐம்பதடி வந்தபிறகு சொன்னான்.

"சேந்துச்சு."

நான் கேட்கத்தானே வந்தேன்? கேட்டதும் ரோட்டோர மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனும் நின்றான்.

"பயந்துட்டேன் பெமிலா. ஒரு கிட்னின்னா கம்பெனி மெடிக்கல்ல என்னைய அன்ஃபிட் ஆக்கிருவான். வீடு பாதியில கெடக்கு, பிள்ளைய ரெண்டும் படிக்கு. பிளஸ்ஸி விஷத்தைக் குடிப்பேன்னா. அதெல்லாம் காரணம் இல்ல. எனக்குப் பயம். டாக்டர்ட்ட சொன்னேன். கொடுக்க மனசு இல்லாதவங்கிட்ட எடுக்கமாட்டோம், காரணத்தையும் யார்ட்டயும் சொல்லமாட்டோம்னாவ."

பயம் என்று அவன் சொன்னபோது, ஒரு கணம், அந்த ஒரு கணம் மட்டும், எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. பயப்படாத மனுஷன் யார் இருக்கிறான்? அவன் அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஸ்டெனிக்குத் தெரியும்," என்றான்.

"என்ன?"

"நான் அவன்ட்டத்தான் மொதல்ல சொன்னேன். சேந்துட்டு, ஆனா எனக்குப் பயமா இருக்குதுடேன்னு அழுதேன். அவன் என் கையைப் பிடிச்சிட்டு, செரி வேண்டாம்ணே, நீ போயி பெமிலாகிட்ட சேரல்லன்னு சொல்லிருன்னான். அவன் சொன்னதைத்தான் நான் வராந்தாவுல வந்து சொன்னேன்."

என் கை தானாக எழுந்தது. அடித்திருப்பேன். பின்னால் ஒரு கூட்டம் "ஸ்டெனி! ஸ்டெனி!" என்று கோஷம் போட்டுக்கொண்டு ஓடி வந்தது. எங்களைப் பார்த்து, அண்ணனும் தம்பி மனைவியும் பாசத்தில் அழுகிறார்கள் என்று நினைத்து ஒருத்தன் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

"செத்துப்போனவரு வந்து இல்லன்னு சொல்லமாட்டாருன்னு தைரியம்," என்றேன். "கிட்னிதான் குடுக்கல்ல. பழியை மட்டும் அவர்மேல குடுக்கியளா? ஸ்டெனி எங்கிட்ட எதையும் மறைக்கமாட்டாரு. நீங்க பொய்யன். உங்க ஓட்டமும் பொய்."

"பெமிலா, ஆண்டவர் சத்தியமா..."

"அவரை இதுல இழுக்காதிங்க. அவருக்குத்தான் சீட்டு எழுதிக் குடுத்தாச்சே."

மீதி தூரத்தை நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. காற்று அடித்ததா, வெயில் ஏறியதா, ஒன்றும் நினைவில்லை. ஒரே ஒரு எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஜெப்சியிடம் சொல்லிவிடவேண்டும். பெரியப்பா கொடுக்கத்தான் நினைத்தார், ஆண்டவருக்குச் சித்தமில்லை என்று இரண்டு வருடமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் பொய்யை என் வாயால்தான் அவளுக்கு ஊட்டியிருக்கிறேன். எனக்கு நடந்தது என் பிள்ளைக்கு நடக்கக்கூடாது. ஊர்க்காரி ஒருத்தி பழம் அடுக்கும்போது சொல்லி அவள் தெரிந்துகொள்ளக்கூடாது.

தோவாளைப் பள்ளிக்கூட மைதானத்தில் கோட்டைத் தாண்டினேன். யாரோ என் பெயரை மைக்கில் சொன்னார்கள், யாரோ சால்வை போட வந்தார்கள். ஜெப்சி ஓடி வந்து மெடலை என் கழுத்தில் மாட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து, வாத்தியார்கள் பைக் நிறுத்துகிற ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அம்மா, தண்ணி குடிங்க மொதல்ல. மொகம் என்னமோ போல இருக்கு," என்றாள்.

"தண்ணி வேண்டாம். நான் ஒண்ணு சொல்லுகேன். நீ சின்னப் பிள்ளதான். ஆனா எங்கிட்ட மறைச்சது போல உங்கிட்ட நான் மறைக்கமாட்டேன்." மூச்சு வாங்கியது. "பெரியப்பாவுக்க கிட்னி அப்பாவுக்குச் சேந்துச்சு மக்ளே. சேரல்லன்னு சொன்னது பொய். குடுக்கப் பயந்துட்டாவ. இப்பம் என்னடான்னா அப்பாவுக்கும் தெரியும், அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாவன்னு பழியைத் தூக்கி..."

ஜெப்சி அழுவாள் என்று நினைத்தேன். அவள் தன் கையில் மிச்சமிருந்த மெடல்களின் ரிப்பனைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரெண்டும். பெரியப்பா அழுதப்போ நான் அப்பாவுக்க கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுக் கெடந்தேன். உறங்குகான்னு நெனச்சாவ. பெரியப்பா வெளிய போனதுக்குப் பொறவு அப்பா குனிஞ்சு பாத்தாவ. நான் முழிச்சிட்டுக் கெடந்தேன். அம்மாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கினாவ."

மைதானத்தில் மைக் அலறியது. 'இதோ, தம்பிக்காக ஓடிய அண்ணன், நம் பிபின் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், எல்லோரும் எழுந்து நின்று...' கைதட்டல் வெடித்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எட்டு மாதம். ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ஆட்டோவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து போனோமே, வழியெல்லாம் நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டு எங்கள் முறை வந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தேனே, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள் ஸ்டெனி? 'விடு பெமி, வரும்போது வரட்டும்' என்று என் முழங்காலில் தட்டிக் கொடுத்தீர்களே. பத்து வயதுப் பிள்ளையிடம் சத்தியம் வாங்கத் தெரிந்த வாய்க்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? ஜெப்சிமேலும் கோபம் வந்தது. இரண்டு வருடம் என் பக்கத்தில் படுத்து உறங்கியவள். பிள்ளைமேல் கோபம் வரலாமா என்று கேட்காதீர்கள், வந்தது.

"ஏம்ட்டி எங்கிட்ட சொல்லல்ல?" என்றேன். கத்திவிட்டேன். "ஏன் சொல்லப்பிடாதுன்னாரு உங்கப்பா?"

அவள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு வயதுக்கு அந்தக் கண் அதிகம்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா பெரியப்பாவுக்க கால்ல விழுவான்னாவ. எங்கம்மா யாரு கால்லயும் விழப்பிடாதுன்னாவ."

"விழுந்திருப்பேன்ட்டி. அவரு கால்லயும் விழுந்திருப்பேன், பிளஸ்ஸி அக்கா கால்லயும் விழுந்திருப்பேன். நான் விழுந்திருந்தா உங்க பெரியப்பாவால மாட்டேன்னு சொல்லியிருக்க முடியாது. உங்கப்பா இண்ணைக்கு இருந்திருப்பாவ."

"அது தெரிஞ்சதுனாலதாம்மா அப்பா சொல்லல்ல," என்றாள் ஜெப்சி.

நான் பைக் ஷெட்டின் சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன், தம்பி, மகள் என்று மூன்று பேரும் சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கு மானம் வேண்டாம், ஸ்டெனிதான் வேண்டும் என்று சொல்ல எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தரவில்லை.